எல்லாரும் கையை எடுங்க

போன மாதம் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க, நான் வேலை பார்த்த ஆபீஸுக்குப் போயிருந்தேன். மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்குப் பக்கத்தில், ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடி. நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம்தான் ஆகிறது, அதற்குள் எல்லாம் மாறியிருந்தது. என் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஷைனி என்கிற பெண், "இங்க பாருங்கக்கா" என்று ஒரு பட்டனை அமுக்கினாள். ஒரு முழு வெப்சைட் தானாகவே சர்வருக்குப் போய் ஏறிக்கொண்டது. பெயர் கேட்கவில்லை, பாஸ்வேர்டு கேட்கவில்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"முன்ன நீங்க எப்படிக்கா ஏத்துவீங்க?"

"கெஞ்சுவோம், திட்டுவோம், சில நேரம் அழுவோம்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு, அழுத கதையைச் சொல்லுங்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். பத்திரிகை வைக்க இன்னும் பதினேழு வீடு பாக்கி இருந்ததால், எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற இதை எழுதுகிறேன்.

எனக்குப் பூதப்பாண்டிப் பக்கம். பி.காம். படித்தேன், நாகர்கோவிலில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தேன், கல்யாணமாகி மார்த்தாண்டம் வந்தேன். தங்கராஜ் சாருடைய கடையில் கல்யாணப் பத்திரிகை டைப் அடிக்கச் சேர்ந்தேன். கொஞ்ச வருடத்தில் அவர் வெப்சைட் செய்து கொடுக்க ஆரம்பித்தார். கடை ஆபீஸாயிற்று, நானும் டைப்பிஸ்ட் என்பதிலிருந்து வெப் அட்மின் என்று உயர்ந்தேன். சம்பளம் அந்த அளவுக்கு உயரவில்லை, அது வேறு கதை.

வேலை இவ்வளவுதான். வெப்சைட்டை நம் கம்ப்யூட்டரில் செய்து வைப்போம். அதை எங்கேயோ வெளிநாட்டில் இருக்கும் சர்வரில் ஏற்றினால்தான் ஊர் பார்க்கும். ஏற்றுவதற்குப் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே நுழைய வேண்டும். என் உத்தியோகத்தில் பாதி, அந்த வாசலில் நின்றே கழிந்தது.

தங்கராஜ் சார் குழித்துறைக்காரர். கீபோர்டைத் தொட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. உள்ளே நுழைய முடியவில்லை என்று யாராவது சொன்னால், நாற்காலியை இழுத்துப் பின்னால் போட்டு உட்காருவார். "சர்வர் என்ன சொல்லுதுன்னு வாய்விட்டு வாசி பிள்ளே. உனக்கு என்ன தோணுதுன்னு பொறவு கேக்கேன்" என்பார். சர்வர் சொன்ன எண்ணைச் சிவப்பு அட்டை போட்ட நோட்டில் நேரத்தோடு எழுத வேண்டும். பதிலே வரவில்லை என்றால் வழியில் கோளாறு. 530 என்று வந்தால் வாசல்வரை போய்விட்டோம், உள்ளே விடவில்லை. 550 என்றால் உள்ளே போயாயிற்று, அந்த இடத்தில் கை வைக்க அனுமதி இல்லை. "மூணும் மூணு வியாதியாக்கும். ஒரே மாத்திரையக் குடுத்துக் கொல்லாத" என்பார்.

இன்னொரு சட்டமும் உண்டு. ஒரு பாஸ்வேர்டை மூன்று முறைதான் அடிக்கலாம். மூன்றாவதும் போகவில்லை என்றால் எழுந்துவிட வேண்டும். முகம் கழுவலாம், சாயா குடிக்கலாம், நான்காவது முறை மட்டும் தொடக்கூடாது. எனக்கு இந்தச் சட்டத்தைக் கேட்டாலே எரிச்சல் வரும். பொறுமை என்கிற சரக்கு எங்கள் குடும்பத்துக்கே வாய்க்கவில்லை.

ஆனால் அந்த நோட்டு பலமுறை மானத்தைக் காப்பாற்றியது. ஆரல்வாய்மொழியில் ஒரு காற்றாலைக் கம்பெனிக்கு, அவர்கள் ஆபீஸிலேயே உட்கார்ந்து வெப்சைட் ஏற்றப் போனேன். காலையில் நுழைய முடிந்தது, மதியம் பதிலே இல்லை. நோட்டைப் பார்த்தால், ஒவ்வொரு தடவையும் கரண்ட் போய் வந்த பிறகுதான் தகராறு. கரண்ட் போனால் மோடம் அணைந்து எழும், எழும்போது இணைப்பின் முகவரி மாறிவிடும், சர்வரோ பழைய முகவரியிலிருந்து வந்தால்தான் விடுவேன் என்று பிடிவாதமாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கு எட்டும் தூரம்வரை காற்றாலை சுற்றுகிறது, உள்ளே கரண்ட் இல்லை. சாரிடம் போனில் சொன்னபோது அவர் சிரித்து முடிக்கவே ஐந்து நிமிஷம் ஆயிற்று.

இனி அழுத கதை.

கடற்கரை ஊர் ஒன்றின் பங்குக் கோவிலுக்கு நாங்கள் வெப்சைட் செய்து கொடுத்திருந்தோம். திருவிழா, ஞானஸ்நானம், மரண அறிவிப்பு, இவ்வளவுதான் அதில் இருக்கும். ஒப்படைக்கும்போது பங்குத் தந்தை, பாஸ்வேர்டை ஏழு பேருக்குக் கொடுங்கள் என்றார். ஊரில் ஒருவர், மீதிப் பேர் குவைத், ஷார்ஜா, மஸ்கட் என்று வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகள். ஏழு பேருக்கு ஒரே பாஸ்வேர்டா என்று நான் முகத்தைச் சுளித்தேன்.

"எங்க ஊருல கரமடி இழுக்கப் பாத்திருக்கியளா?" என்று கேட்டார் ஃபாதர். கடலில் வளைத்துப் போட்ட வலையைக் கரையில் நின்று இழுப்பார்களே, அது. "கரையில யாரு நிக்கானோ அவன் கயித்தப் புடிப்பான். யாரு வலைன்னு கேக்கமாட்டான். இதும் அப்படித்தான் நடக்கும்."

அப்படித்தான் நடந்தது. நன்றாகவே நடந்தது, புயல் வரும்வரை.

புயல் அடித்தபோது ஆழ்கடலுக்குப் போயிருந்த படகுகள் பல திரும்பவில்லை. வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு பட்டியல் சுற்றியது. ஃபாதர் எங்கள் வெப்சைட்டில் ஒரே ஒரு பக்கம் திறக்கச் சொன்னார். மேலே, தேட வேண்டிய படகுகள். கீழே, கரை சேர்ந்த படகுகள். நாலைந்து நாளில் கேரளக் கரையின் துறைமுகங்களிலும் இந்தப் பக்கத்தைத்தான் பார்த்தார்கள். அரசாங்கம் தேடுவது ஒரு பக்கம் நடக்க, மீனவர்களே சொந்தப் படகுகளில் டீசல் நிரப்பித் தேடப் புறப்பட்டார்கள். புறப்படும் துறைமுகத்தில் எங்கள் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து, யார் எந்தத் திசைக்குப் போவது என்று பிரித்துக்கொள்வார்கள்.

அப்படி ஒரு நாள் காலை ஒன்பதேகாலுக்கு ஃபாதர் போன் செய்தார். அருளப்பன் என்பவருடைய படகை, முந்தின நாள் சாயங்காலம் யாரோ கரை சேர்ந்த பட்டியலுக்கு மாற்றியிருக்கிறார்கள். கரை சேர்ந்தது அவர் படகு அல்ல, அதே மாதா பேர் வைத்த வேறு படகு. அந்தக் கடற்கரையில் அந்தப் பேரில் நாலு படகு உண்டு. நல்ல செய்தியைப் பார்த்த சந்தோஷத்தில் எந்தப் பிள்ளையோ பதிவு எண்ணைப் பார்க்காமல் மாற்றிவிட்டான். இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குத் தேடும் படகுகள் புறப்படுகின்றன. துறைமுகத்தில் இருக்கிறவர்களுடைய போன் காலையிலிருந்து கிடைக்கவில்லை. பக்கத்தைத் திருத்தாவிட்டால் அருளப்பனையும் கூட இருக்கும் ஐந்து பேரையும் தேட யாரும் போகமாட்டார்கள்.

"பல கை பட்டுதான் இப்படி ஆச்சு. இனி யாரும் தொடாதபடி பண்ணுங்க" என்றார்.

இங்கேதான் நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். முதலில் கண்ட்ரோல் பேனலைத் திறந்து பாஸ்வேர்டை மாற்றினேன், மாற்றிய கையோடு மூடினேன். ஏழு பேரில் ஒருவருக்கும் சொல்லவில்லை. பக்கத்தைத் திருத்திவிட்டுப் பூட்டியிருக்க வேண்டும். நான் பூட்டிவிட்டுத் திருத்தப் போனேன்.

அந்த நேரத்தில் ஒரு பெண் படியேறி வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் படகின் பதிவுச் சான்று. "நான் அருளப்பனுக்க வீட்டுக்காரி, பிலோமினா" என்றாள். இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். முந்தின நாள் கோவில் மைக்கில் அவள் புருஷன் கரை சேர்ந்தாயிற்று என்று சொல்லியிருக்கிறார்கள். ஊரே வீட்டுக்கு வந்து கட்டிப்பிடித்திருக்கிறது. ராத்திரி முழுக்க அவரிடமிருந்து போன் வரவில்லை. விடிந்ததும் யார் யாரையோ பிடித்து விசாரித்து, அந்தப் படகின் எண் வேறு என்று கண்டுபிடித்ததே அவள்தான்.

"இந்தா மாத்திருதேன், ரெண்டே நிமிஷம்" என்று உட்காரவைத்துவிட்டுப் புதுப் பாஸ்வேர்டை அடித்தேன். 530.

மறுபடி அடித்தேன். 530. எழுத்து எழுத்தாகப் பார்த்து அடித்தேன். 530. சாருடைய சட்டம் ஞாபகம் வந்தது, ஆனால் எதிர் மூலையில் அந்தப் பெண் கவரை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறாள். நான்கு, ஐந்து, ஆறு, ஏழு. கண்ட்ரோல் பேனலுக்குப் போனேன், அதற்கும் அதே பெயர்தான், அதுவும் விடவில்லை. சர்வர் கம்பெனிக்குப் புகார் அனுப்பினேன். ஒரு நாளுக்குள் பதில் தருவோம் என்று தானியங்கிப் பதில் வந்தது.

பத்து மணிக்குச் சார் வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வாசி."

"530, சார்."

"எத்தன தடவ அடிச்ச?"

"மூணு" என்றேன். இத்தனை வருடத்தில் அவரிடம் நான் சொன்ன ஒரே பொய் அது என்று நினைக்கிறேன். அவர் நோட்டைப் புரட்டினார். நோட்டில் ஒன்றுமே எழுதவில்லை என்பதைப் பார்த்தார். நோட்டை மூடினார்.

"வேற ஏதாவது சைட்டு, இதே சர்வர்ல இருக்கது, அதுல ஏறிப் பாரு."

ஒரு பள்ளிக்கூடத்தின் வெப்சைட் அதே சர்வரில் இருந்தது. உடனே திறந்தது.

"அப்போ வழி சரி, சர்வரும் சரி, நம்ம மேலயும் கோவம் இல்ல. இந்தப் பேரு மேல மட்டும் கோவம். புதுப் பாஸ்வேர்டு சரிதானா?"

"நான்தான் சார் மாத்தினேன், சரிதான்."

"மாத்தினதை ஆருட்ட சொன்ன?"

"ஆருட்டயும் இல்ல சார்" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "மெயிலைத் தொற" என்றார்.

திறந்தேன். சர்வரிடமிருந்து வரிசையாகக் கடிதங்கள். உங்கள் பெயரில் யாரோ நுழையப் பார்த்தார்கள், விடவில்லை, பெயரைப் பூட்டியிருக்கிறோம் என்று ஒவ்வொன்றும் சொன்னது. கீழே எந்த முகவரியிலிருந்து, எந்த நாட்டிலிருந்து என்று இருந்தது. குவைத். ஷார்ஜா. குவைத். ஓமன். குவைத். ஓமன். நடுநடுவே இந்தியா, அது நான். ஒரு நிமிஷத்துக்குள் மூன்று நான்கு.

செய்தி அதற்குள் வளைகுடாவரை போய்விட்டது. தப்பாகப் போட்டுவிட்டோம், அருளப்பனைத் தேடப் போகமாட்டார்கள் என்று தெரிந்ததும், அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் திருத்த உட்கார்ந்துவிட்டார்கள். எல்லோரும் பழைய பாஸ்வேர்டை அடிக்கிறார்கள். சர்வருக்கு அது திருட்டு முயற்சி. திருடனுக்குப் பயந்து பெயரையே பூட்டிவிட்டது. பூட்டிய பிறகு சரியான பாஸ்வேர்டு கொடுத்தாலும் அதே 530தான். அரை மணி நேரம் ஒருத்தரும் தொடாமல் இருந்தால் தானாகத் திறக்கும். நடுவில் ஒருவர் தொட்டாலும் அரை மணி முதலிலிருந்து தொடங்கும்.

"எல்லாரும் கயித்தப் புடிச்சு இழுக்கானுவ, பாத்தியா" என்றார் சார். "அவனுவளக் கையை எடுக்கச் சொல்லு."

அன்றைக்குப் பத்தரை மணிக்கு அந்தக் கோவில் மைக்கில் ஒலித்ததைப் போல ஓர் அறிவிப்பு எந்தக் கோவிலிலும் ஒலித்திருக்காது. ஃபாதர் நான் போனில் சொன்னதை அப்படியே வாங்கிச் சொன்னார். "வெளிநாட்டில் நம்ம வெப்சைட்டைத் திறக்கப் பார்க்கிற பிள்ளைகள் எல்லாரும் உடனே கையை எடுக்கணும். வீட்டில் உள்ளவங்க அவங்கவங்க பிள்ளைகளுக்கு இப்பவே போன் பண்ணுங்க. உதவி செய்யாம இருக்கதுதான் இப்ப உதவி." ஊரே போனை எடுத்தது. அம்மாக்கள், தங்கைகள், மைனிகள், எல்லோரும் குவைத்துக்கும் ஷார்ஜாவுக்கும் கூப்பிட்டு, "தொடாத மக்கா, தொடாத" என்று சொல்லியிருக்கிறார்கள்.

மெயில் குறைந்தது. குவைத் நின்றது. ஷார்ஜா நின்றது. பத்தே முக்காலுக்கு எல்லாம் அடங்கிவிட்டது என்று நான் மூச்சுவிட்டபோது ஒன்று வந்தது. ஓமன். சரியாக இரண்டு நிமிஷம் கழித்து இன்னொன்று, ஓமன். மறுபடி இரண்டு நிமிஷம்.

"இது ஆளில்ல, மிஷினு" என்றார் சார். "எவனோ தானா ஏத்துகதுக்கு வச்சுட்டு வேலைக்குப் போயிருக்கான். மஸ்கட்டுல ஆரு இருக்கா?"

மூலையில் இருந்து பிலோமினா எழுந்தாள். "எனக்க தம்பி ராபினாக்கும்."

அவளே போன் போட்டாள். அவன் ஏதோ கட்டட வேலை நடக்கும் இடத்தில் இருந்தான், பின்னால் மிஷின் சத்தம். "ஏலே ராபின், நீ கம்ப்யூட்டர்ல என்னமாவது போட்டு வச்சிருக்கியாலே?" அவன் அழுதுகொண்டே பேசியது எனக்கே கேட்டது. முந்தின நாள் பட்டியலை மாற்றியது அவன்தான். மச்சான் வந்துவிட்டார் என்ற சந்தோஷத்தில் மாற்றினானாம். தப்பு என்று தெரிந்ததும் பக்கத்தைத் தன் கம்ப்யூட்டரில் பழையபடி திருத்தி, திறக்கும்வரை தானாகவே முட்டிக்கொண்டிருக்கும்படி ப்ரோக்ராமை வைத்துவிட்டு, லீவு கிடைக்காமல் வேலைக்குப் போயிருக்கிறான்.

"அழாதலே. பொறவு அழலாம். ரூம்ல எவன் இருக்கான்? அவனுட்ட சொல்லி அந்தச் சவத்துக் கம்ப்யூட்டருக்க வயரைப் புடுங்கச் சொல்லு."

ராத்திரி வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மலையாளியை எழுப்பி வயரைப் பிடுங்க வைத்தார்கள். கடைசி மெயில் பதினொன்று ஐந்துக்கு. சார் தானே நோட்டை எடுத்து அந்த நேரத்தை எழுதினார். அதற்குக் கீழே, அரை மணியோடு மூன்று நிமிஷம் கூடுதலாகச் சேர்த்து, பதினொன்று முப்பத்தெட்டு என்று எழுதி வட்டம் போட்டார். பிறகு ஒரு காரியம் செய்தார். என் கீபோர்டைப் பிடுங்கி எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"மூணுன்னு சொன்னியே, ஏழுல்லா?" என்றார். "மெயில்ல எண்ணிட்டேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த அரை மணி நேரமும் நானும் ஃபாதரும் மாறி மாறித் துறைமுகத்துக்குப் போன் போட்டோம், கிடைக்கவில்லை. கீழே பாத்திரக்கடையில் யாரோ குக்கர் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள்மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. பிலோமினா உதடு அசைய ஜெபமாலை சொன்னாள். நான் எங்கள் ஊர்ச் சிவனைக் கூப்பிட்டேன்.

பதினொன்று முப்பத்தெட்டு. சார் கீபோர்டைக் கொடுத்தார். "ஒரே தடவ. நிதானமா அடி. வாய்விட்டு வாசி."

பெயரை அடித்தேன். "331, பாஸ்வேர்டு கேக்குது சார்." அடித்தேன். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு வந்தது.

"230" என்றேன். "உள்ள விட்டுருச்சு சார்."

அருளப்பனின் படகைத் தேட வேண்டிய பட்டியலின் தலையில், சிவப்பு எழுத்தில், பதிவு எண்ணோடு போட்டு ஏற்றினேன். பதினொன்று நாற்பத்தைந்துக்குப் பிரிண்ட் எடுத்தார்கள் என்று பின்னால் தெரிந்தது. மேற்கே போகிற இரண்டு படகுகளுக்கு அந்த எண்ணைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

அன்று சாயங்காலமே நான் உட்கார்ந்து ஏழு பேருக்கும் போன் செய்து புதுப் பாஸ்வேர்டைச் சொன்னேன், ராபினுக்கும். பதிவு எண்ணைப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும் என்று சொன்னேன். ஒருத்தரிடமும் சொல்லாமல் பூட்டியது என் தப்பு என்றும் சொன்னேன். ஷைனி, உன் பட்டன் நல்ல பட்டன்தான். ஆனால் எந்தச் சாவியை மாற்றினாலும், மாற்றுவதற்கு முன்னால் அந்தச் சாவி வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு போன் போடு.

மூன்றாம் நாள் காலையில் பிலோமினா மறுபடி வந்தாள். வீட்டில் இருக்க முடியவில்லை என்று சொல்லி அதே மூலையில் உட்கார்ந்தாள். பதினொரு மணி வாக்கில் ஃபாதரின் போன். எஞ்சின் நின்று, நீரோட்டத்தில் மேற்கே ஒழுகிப்போன படகைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆறு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். கட்டி இழுத்துக்கொண்டு வருகிறார்கள்.

நான் போனைக் காதில் வைத்தபடியே கத்திச் சொன்னேன். அவள் அசையவில்லை.

"அன்னைக்கும் இப்படித்தான் சொன்னாவ" என்றாள். "நம்பரக் கேளுங்கக்கா."

கேட்டேன். ஃபாதர் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார், நான் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னேன். அவள் கவரிலிருந்து பேப்பரை எடுத்து விரல் வைத்துப் பார்த்தாள். கடைசி எண்ணும் சேர்ந்தது. அப்போதும் அழவில்லை.

"சைட்டுல போடுங்கக்கா. பாத்துட்டு அழுதுக்கிடுதேன்."

உட்கார்ந்தேன். பின்னால் சார் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. பெயரை அடித்தேன், பாஸ்வேர்டை அடித்தேன். முதல் தடவையிலேயே திறந்தது. அந்த வரியை மேலிருந்து எடுத்துக் கீழே போட்டு ஏற்றிவிட்டு, பக்கத்தைப் புதுப்பித்தேன். அவள் திரைக்குப் பக்கத்தில் வந்து, பேப்பரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, எண்ணின்மேல் விரலை ஓட்டினாள். பிறகு மேஜையில் தலையைக் கவிழ்த்து, பாத்திரக்கடைவரை கேட்கும்படி அழுதாள். நானும் அழுதேன். மனசு லேசாகி, வெட்கமில்லாமல் அழுதேன்.

"நான் போய் சாயா வாங்கிட்டு வாறேன்" என்று சார் எழுந்தார். அத்தனை வருடத்தில் அவர் சாயா வாங்கப் போனது அன்றைக்குத்தான். அரை மணி நேரம் கழித்துக் கண் சிவந்து, வெறுங்கையோடு திரும்பி வந்தார்.